கத்திரியை வைத்துவிட்டு மாதாவை வாங்கினார்

அன்று தாழ்ப்பாளைத் திறந்தது யார்? பல மாதங்களாக இந்தக் கேள்வியோடுதான் கண் விழிக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை. தெரியாமலே மாதா செய்த உதவிக்குச் சாட்சி சொல்லலாமா என்றும் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் ராயபுரத்தில் பெண்களுக்கான உடைகளை வடிவமைத்துத் தைக்கிறேன். கல்யாண கவுன், பிளவுஸ், புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் சிறுமிகளின் வெள்ளை கவுன். அதற்கு முன் மாடலாக இருந்தேன். ஒரு நகைக்கடை விளம்பரத்தில் என் முகம் தண்டையார்பேட்டை பேருந்து நிறுத்தத்துக்கு மேலே பெரிதாக நின்றது. பிறகு ஒரு சீரியலில் கதாநாயகியின் தங்கையாக நடித்தேன். அதில் அண்ணன் என்னை அறையும் காட்சி. சரியாக வரவில்லை என்று கடைசியில் நிஜமாகவே அறைய வைத்தார்கள். அடி போகிற திசையிலேயே முகத்தைத் திருப்பினால் வலி குறையும் என்று ஒரு உதவி இயக்குநர் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் அது தேவைப்படும் என்று அன்று நினைக்கவில்லை.

என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்பவர். அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் பெண் கேட்டு வந்தார். அதைச் சொல்லித்தான் அடித்தார். முதல் அடி எங்கள் மகள் ஜெனி பிறந்த மூன்றாம் மாதம். யாரோ அவரிடம் என் பழைய சீரியல் காட்சியை போனில் காட்டினார்களாம். அவர் குடிப்பதில்லை. குடித்திருந்தால் குடி மேல் பழியைப் போட்டிருப்பேன்.

நடிப்பை விட்டேன். தையல் படித்து, முன்னறையிலேயே தொழில் தொடங்கினேன். அடி நிற்கவில்லை. பெல்ட்டால் அடித்தார். சூடான இஸ்திரிப் பெட்டியை முழங்கையில் வைத்தார். மெஷினில் தலையை மோதினார். ஒவ்வொரு முறையும் நான் முதலில் செய்வது கதவைத் தாழிடுவது. அக்கம்பக்கம் பார்த்துவிடக் கூடாதே. கன்னத்துக்கு என் மாடலிங் காலத்து மேக்கப் போதும். கழுத்துக்கும் கைக்கும் போதவில்லை. அதனால் கழுத்து மூடிய, முழுக்கை பிளவுஸ் தைத்துப் போட்டுக்கொண்டேன். மாதா கோவிலில் பார்த்த பெண்கள் தங்களுக்கும் அதுபோலவே வேண்டும் என்றார்கள். "அந்தக் கழுத்து டிசைன்" என்று எனக்குப் பெயர் வந்தது அப்படித்தான். வாங்கிப் போட்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அத்தனை வருடமும் என் ஜெபம் ஒன்றுதான். "மாதாவே, யாருக்கும் தெரியக் கூடாது." அது கேட்கப்பட்டது என்றே நம்பியிருந்தேன்.

போன மே, மாதாவுக்கான வணக்க மாதம். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில் மாதா சுரூபம், அதாவது சிலை, தினம் ஒரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுக் குடும்பத் தலைவர்தான் இரண்டு கையாலும் அதை வாங்கி வைக்க வேண்டும். எங்கள் முறை புதன்கிழமை. நான் காலண்டரில் வியாழன் என்று தவறாகக் குறித்துவிட்டேன்.

புதன் மாலை, அந்த ஞாயிறு புதுநன்மைக்கான ஒன்பது கவுன்கள் கம்பியில் தொங்கின. ஒரு கல்லூரி ஃபேஷன் ஷோவுக்கு என்னை நடுவராக அழைத்திருப்பதை அவரிடம் சொன்னேன். சாப்பிட்ட பிறகு சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

"ஊரே பாத்த மூஞ்சி. இன்னும் எவன் பாக்கணும்?"

கதவைத் தாழிட்டேன். தாழிட்டேன் என்றுதான் நினைவு.

அறைந்தார். முகத்தைத் திருப்பினேன். மறுபக்கம் அறைந்தார். துணி வெட்டும் பெரிய கத்திரியை எடுத்து, கவுன்களை ஒவ்வொன்றாகக் கழுத்திலிருந்து கீழே வெட்டினார். அப்போது ஜெனி எங்கே இருந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. பிறகு என் முடியைப் பிடித்து மேசையில் அழுத்தினார்.

"கழுத்து டிசைனரா நீ? இன்னிக்கு நான் வெட்டறேன் பாரு கழுத்து."

கத்திரி நுனி கழுத்துக்குக் கீழே எலும்பில் இறங்கியது. வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம். மேசை விளிம்புக்கு அடியில் ஜெனியின் கண்கள் தெரிந்தன. "மாதாவே, யாராவது பார்க்கட்டும்" என்றேன். முதல் தடவையாக அப்படிக் கேட்டேன்.

கதவு திறந்தது.

எங்கள் அன்பியத் தலைவி ஸ்டெல்லா அக்கா நின்றார். காசிமேட்டில் மீன் விற்பவர். கையில் சுரூபம், பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். பாடிக்கொண்டு வந்த பாட்டு பாதியில் நின்றது. அக்கா கத்தவில்லை. நேராக வந்து சுரூபத்தை என் கணவர் முன்னால் நீட்டினார்.

"இந்தா நைனா, இன்னிக்கு உன் வூட்டு மொறை. வாங்கு."

"இது குடும்ப விசயம்க்கா. அப்பால வாங்க."

"மாதாவ வாசல்ல நிக்க வெச்சிட்டு அப்பாலயா? கை வலிக்குதுடா. ரெண்டு கையாலயும் வாங்கு."

சிறு வயதிலிருந்தே மாதாவை அப்படி வாங்கிப் பழகிய கை அவருடையது. கத்திரியை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினார். உடனே ஒருத்தி கத்திரியை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். இன்னொருத்தி ஜெனியைத் தூக்கினாள். அவர் சுரூபத்தை வைக்கப் போனார்.

"கீழ வெக்காத. ஜெபமால முடியட்டும்."

ஒரு பெண் என் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர்களில் ஒருத்தி போன் செய்து கூப்பிட்ட போலீஸ் வரும்வரை ஜெபமாலை சொன்னார்கள். அவர் மாதாவை ஏந்தியபடியே நின்றார்.

எனக்கு ஏழு தையல் போட்டார்கள். ஸ்டெல்லா அக்கா வீட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்து, வெட்டுப்பட்ட கவுன்களில் லேஸ் வைத்து இணைத்தோம். ரத்தம் பட்டவற்றுக்குப் புதுத் துணி வாங்கினோம். ஞாயிறன்று ஒன்பது பிள்ளைகளும் பீடத்துக்குப் போனார்கள்.

"கதவு தொறந்துதான்டி கெடந்துச்சு. நாங்க தள்ளக்கூட இல்ல" என்கிறார் அக்கா. எப்போதும் மெஷின் பக்கம் கிடக்கும், அளவு பார்க்கப் பிள்ளைகளை ஏற்றி நிறுத்தும் ஸ்டூல் அன்று கதவருகே இருந்தது. ஜெனியைக் கேட்டால், "நான் மேசைக்கு அடியிலதான் இருந்தேன்" என்கிறாள். பயத்தில் மறைக்கிறாளா? நான்தான் தாழிட மறந்தேனா? யார் திறந்திருந்தாலும், நான் கேட்ட பிறகுதான் மாதா உள்ளே வந்தார். அதற்கு நான் சாட்சி.

இப்போது கழுத்து இறக்கித்தான் உடுத்துகிறேன். தழும்பு தெரியட்டும். கழுத்து மூடித் தைக்கச் சொல்லும் பெண்ணிடம் "ஏம்மா?" என்று மெல்லக் கேட்கிறேன். இரண்டு பேர் அழுதார்கள். அக்காவிடம் கூட்டிப்போனேன். சகோதரிகளே, மறைக்கும்படி ஜெபிக்காதீர்கள். யாராவது பார்க்கும்படி ஜெபியுங்கள். தைரியமாகக் கேளுங்கள்.

வழக்கு நடக்கிறது. அவர் ஜாமீனில் வந்து மாத்தூரில் தன் அம்மா வீட்டில் இருக்கிறார். வருகிற மே மாதம் ஜெனிக்குப் புதுநன்மை. பெற்றோர் இரண்டு பக்கமும் நின்று பிள்ளையைப் பீடத்துக்கு அழைத்துப்போவது எங்கள் பங்குக் கோவிலின் வழக்கம். ஒரு பக்கம் தானும் நிற்க வேண்டும், மன்னித்துவிடு என்று ஆள் அனுப்பியிருக்கிறார். தினமும் பிறர் குற்றத்தை மன்னிப்பதாகச் சொல்லி ஜெபிக்கிறவள் நான். மறுப்பது பாவமா? அழைப்பது மடத்தனமா?

ஜெனியிடம் கேட்டேன்.

"வரட்டும்மா. ஆனா அவர் ரெண்டு கையிலயும் எதையாவது குடுத்துடு."

நான் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.