டிபன் பையில் ஒளித்த போன்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸாக இருக்கிறேன். போனை வாசலிலேயே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். ரசாயன விவரமெல்லாம் போனில் பார்த்தே பழகியதால், டிபன் பையில் ஒளித்துக் கொண்டுபோவேன்.

அன்று லைனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, கையில் ரசாயனம் கொட்டி ஓடிவந்தாள். சில ரசாயனத்துக்குத் தண்ணீர் ஆகாது; இதற்கு ஊற்றலாமா என்று எனக்குச் சந்தேகம். கூடவே சூப்பர்வைசர் நின்றார். அவர் எதிரில் போனை எடுத்தால் வேலை போய்விடும். "ஒரு நிமிஷம்" என்று பையோடு கழிவறைக்குள் புகுந்தேன். சிக்னல் இல்லை. வெளியே அவள் அழுதாள். தெரியாமல் திரும்பிப் போகவும் பயம்.

ஒருவழியாகப் போனில் அந்த ரசாயனத்தின் பக்கம் திறந்தபோது, முதல் வரியே தண்ணீரில் கழுவச் சொன்னது. வந்து பார்த்தால் அவளே குழாயடியில் கையை நீட்டியிருந்தாள். "எவ்ளோ நேரம் காத்துகினு இருக்கறது சிஸ்டர்?" என்றாள்.

இப்போது லைனில் புழங்கும் ரசாயனங்களைப் பற்றி ஷேர் ஆட்டோவிலேயே படித்துவிட்டு, போனை வாசலில் கொடுத்துவிடுகிறேன். அவள் கை ஆறிவிட்டது. தலைவலி மாத்திரைக்குக்கூட அவள் என்னிடம் வருவதில்லை.