ஆயிரத்து இருநூறு வெள்ளி மாப்பிள்ளை

அருந்ததியின் அப்பா அம்பிகைபாகன் பினாங்கு துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். கூட்டல் கழித்தலில் அவரை யாரும் மடக்க முடியாது. மகன் ஆனந்தராஜாவை அமெரிக்காவுக்கு அனுப்பி மார்க்கெட்டிங் படிக்கவைப்பது என்று முடிவானபோது, நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து அதன் முதுகில் கணக்குப் போட்டார். பட்டதாரிக்குத் தொடக்கச் சம்பளம் ஆயிரத்து இருநூறு வெள்ளி. வங்கிக் கடனுக்கு மாதம் இருநூற்றைம்பது. கையில் நிற்பது தொள்ளாயிரத்து ஐம்பது. எட்டே வருஷத்தில் கடன் காலி. தாளை மடித்துப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினார். பிள்ளையாரும் சரிபார்த்துவிட்ட மாதிரி.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அந்த ஆயிரத்து இருநூறு எங்கிருந்து வந்தது என்றுதான் யாரும் கேட்கவில்லை. அப்பாவோடு வேலைபார்த்த ஒருவரின் மகன் எஞ்சினியர். அவனுக்கு அவ்வளவு சம்பளம். பட்டம் என்றால் பட்டம்தானே, அதில் என்ன பேதம் என்பது அப்பாவின் கட்சி.

ஓய்வுபெற்ற கிராணியின் கையெழுத்தை வங்கி சீந்தவில்லை. மாதச் சம்பளக்காரர் யாராவது ஜாமீன் நிற்கவேண்டும் என்றார்கள். வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த அருந்ததி. சம்பளச் சீட்டைக் கொடுத்துவிட்டு நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஐந்தாவது இடத்தில் பேனா எழுத மறுத்தது. பேனாவுக்கு இருந்த புத்தி அவளுக்கு இல்லை. வங்கிக்காரர் சிரித்துக்கொண்டே வேறு பேனா கொடுத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் ஆனந்தராஜா பட்டத்தோடும் ஒரு கோட்டோடும் திரும்பி வந்தான். அவன் வந்த நேரம் ஊரில் வேலையெல்லாம் படுத்துக் கிடந்தது. எண்பத்துமூன்று விண்ணப்பம் போட்டான். கடைசியில் தண்ணீர் வடிகட்டி விற்கும் கம்பெனி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. சம்பளம் முன்னூற்றைம்பது, விற்றால் கமிஷன். வாழ்நாள் முழுக்கக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, எண்பது வயதில் தனியாகப் பசாருக்குப் போய்ச் சாமான் வாங்கிவரும் சீனக் கிழவிகளின் கதவைத் தட்டி, உங்கள் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று சொல்லும் உத்தியோகம். கிழவிகள் அவனுக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

கடன் அருந்ததியின் ஐந்நூற்றெண்பது வெள்ளியில் வந்து விழுந்தது. அவளைப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாதம் இருநூற்றைம்பது பிடித்தம், இன்னும் ஏழு வருஷத்துக்குமேல் என்று தெரிந்ததும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். வடையை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

வேலைச் சந்தையில் போகாத பட்டம் கல்யாணச் சந்தையில் போனது. சிம்பாங் அம்பாட்டில், ஓய்வுபெற்ற ரயில்வே கிராணி குலசேகரம் தன் மகள் சற்குணத்துக்கு அமெரிக்கப் பட்டதாரி மாப்பிள்ளை வேண்டும் என்றார். சீதனம் இருபதாயிரம். அதை வங்கியில் கட்டினால் அருந்ததிக்கு விடுதலை. வாயைத் திறக்காதே என்று அப்பா முதல்நாளே அவளிடம் சொல்லிவைத்தார். திறப்பதாக அவளுக்கும் உத்தேசமில்லை. இருபத்தெட்டு வயதில் உண்மையே பேசுவேன் என்று விரதம் இருக்க அவள் என்ன சாமியாரா?

ஃபெர்ரி ஏறி, பஸ் பிடித்துப் போனார்கள். குலசேகரம் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டார். ஆனந்தராஜா வாயெடுக்குமுன் அப்பா பதில் சொன்னார். பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்த அதே ஆயிரத்து இருநூறு. ஆனந்தராஜா குனிந்து, காலில் கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு அருந்ததி அடுப்படிக்குப் போனாள். அங்கே சற்குணம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தற்காலிக ஆசிரியை, இருபத்துநாலு வயது, மூக்குக்கண்ணாடி. ஊற்றுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அக்கா, கேக்கிறேன்னு கோவிக்காதீங்கலா. மெய்யாவே ஆயிரத்து இருநூறா?"

"ஏன், அப்பா சொன்னாரே."

"எங்கப்பா வங்கியில லோன் எடுத்துத்தான் அந்த இருபதாயிரம் தர்றாரு. பென்ஷன்காரர் கையெழுத்து செல்லாதாம். நாளைக்கு என் சம்பளச் சீட்டக் கொண்டுபோய் நான்தான் ஜாமீன் போடணும்."

அருந்ததி தட்டுகளைக் கீழே வைத்தாள். முன்னறையில் அப்பா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு ஒரு வருஷமாகிவிட்டது. இன்னும் பத்து நிமிஷம் சும்மா இருந்தால் போதும், எண்பத்துநாலு மாதம் ஓடிப்போய்விடும். ஓடிப்போய் எங்கே நிற்கும் என்றால், இதோ இந்தக் கண்ணாடிக்காரியின் தலையில்.

"முன்னூத்தம்பது," என்றாள் அருந்ததி. "கையெழுத்துப் போடாத, தங்கச்சி."

கோப்பை நிரம்பியும் சற்குணம் ஊற்றிக்கொண்டே இருந்தாள்; தேநீர் தட்டில் வழிந்தது. அருந்ததியே துணியெடுத்துத் துடைத்தாள்.

பிறகு நடந்ததில் சத்தம் எதுவும் இல்லை. சற்குணம் தகப்பனைப் பின்பக்கம் கூப்பிட்டாள். அவர் திரும்பி வந்து, பிள்ளைக்கு இஷ்டமில்லை என்று மட்டும் சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பவும் செய்தார். மரியாதை தெரிந்தவர்கள் செருப்பால் அடிப்பது அப்படித்தான்.

ஃபெர்ரியில் அப்பா எதிர்ப்பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஆனந்தராஜா வறுத்த கச்சான் கடலை ஒரு பொட்டலம் வாங்கிவந்து அக்காவிடம் நீட்டினான். இரண்டுபேரும் கொறித்தார்கள்.

"நீதானே சொன்னே?"

"ஆமா."

"எவ்வளவுன்னு சொன்னே?"

"முன்னூத்தம்பது."

"கமிஷனயும் சேத்துச் சொல்லியிருக்கலாம்லா."

"போன மாசம் கமிஷன் எவ்வளவுடா?"

அவன் கடல் பக்கம் திரும்பினான். "பன்னெண்டு வெள்ளி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அவன் பொட்டலத்தில் மிஞ்சியிருந்ததை அவள் மடியில் கொட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்று அதிகம் என்றான்.

வங்கிக்கு அடுத்த தவணை திங்கட்கிழமை.