ஒருசந்தி வெள்ளியில் முதல் ஊசி

ஐந்து மாதமாக என் வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டவர் என் கணவர். மாட்டுக்குக் கயிறு திரிப்பதில் மனிதர் கெட்டிக்காரர். அந்தத் திறமை அப்படியே என் சடையிலும் இறங்கியது. வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். எனக்கு ஆத்திரமாக வரும். என் தலையை நானே பின்ன வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

மாத்திரை, கைப்பயிற்சி எல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான், தர்மபுரியில் அக்குபஞ்சர் பார்க்கும் டாக்டரம்மாவைப் பற்றிப் பக்கத்து வகுப்பு டீச்சர் சொன்னார். ஊசியைக் கண்டாலே ஓடுகிறவள் நான். இருந்தாலும் பயத்தைவிடச் சடை பெரிதாகப் பட்டது. போன அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் ஒருசந்தி நோன்பு. மதியம் வரை வெறும் தண்ணீர்தான். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்கிவிட்டுப் பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறினேன். மனசு தேர் பார்க்கப் போவதுபோலத் துள்ளியது.

டாக்டரம்மா நிறையக் கேட்டார். என்னென்ன வியாதி, என்னென்ன மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறேனா என்று எல்லாம். ஒழுங்காகப் பதில் சொன்னேன். கடைசியாக, "சாப்டீங்களாங்க?" என்றார்.

"ஆச்சுங்க."

எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பதிலே கிடையாது. வயிறு ஒட்டிக் கிடந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்வோம். இல்லை என்றால் கேட்டவர் சோறு போட வேண்டி வருமே.

முதல் ஊசி காலில் இறங்கியது. தோள்வலிக்குக் காலில் எதற்கு என்று கேட்க நினைப்பதற்குள் குத்தி முடித்திருந்தார். கொசு கடித்த அளவுகூட இல்லை. குத்திய இடத்தில் லேசாக ஒரு கனம், ஒரு குறுகுறுப்பு. இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஆறாவது ஊசியில் காது அடைத்தது. வியர்வை கொட்டியது. ஃபேன் இரண்டாகத் தெரிந்தது.

மளமளவென்று ஊசிகளை எடுத்து, காலை உயர்த்திவைத்து, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவு பார்த்து, சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார். எழுந்து உட்கார்ந்த பிறகுதான் ஒருசந்தி விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க ஊசியால மயங்கலீங்க, மரியாதையால மயங்குனீங்க" என்றார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த புதன்கிழமை அவர் வாயைத் திறக்கும் முன்னே நாலு இட்லி, தக்காளிச் சட்னி என்று ஒப்பித்தேன். ஒன்றிரண்டு தடவையில் கை தூக்கிவிடாது, பயிற்சியை விடக் கூடாது, மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று அவரும் ஒப்பித்தார்.

ஏழாவது தடவை போய்வந்த மறுநாள் காலை, கை மேலே போனது. வலித்தது, ஆனால் நிற்கவில்லை. என் பிடரியை என் விரல்களே தொட்டன. கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை, கோணல்மாணலாகப் பின்னி முடித்தேன். சந்தோஷத்தில் அழுதேன்.

திரும்பினால் கணவர் சீப்போடு நின்றிருந்தார். என் சடையைப் பார்த்தார். நல்லா வந்திருக்கு என்றவர், சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

நான் சடையை அவிழ்த்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு ஒரு நாளு நீங்களே பின்னிவுடுங்க."