நாலு மூலையிலும் கருப்பு

இந்த ஈப்போவில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் வெள்ளைக்காரர் வீட்டுக் கூடங்களில் கயிறு கட்டி, வந்த வாழ்த்து அட்டைகளைத் துணி காயப்போடுவதுபோல் தொங்கவிடுவார்கள். எங்கள் எஸ்டேட் டாக்டர் வீட்டுத் துரைசாணி அனுப்புகிற அட்டை ஒவ்வொன்றும் என் கைவேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் எழுத்தைச் சுழித்துச் சுழித்து எழுதி, நான்கு மூலையிலும் இலைக்கொத்து வரைந்து, வீட்டிலிருந்தே செய்து கொடுப்பேன். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற கிராணி. ஊரிலும் என்னை அடித்தார், இங்கேயும் அடிக்கிறார். கடல்தான் மாறியது, கை மாறவில்லை.

நாங்கள் கப்பலேறப் புறப்பட்ட அன்று, அருப்புக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது, என் கன்னத்து வீக்கத்தை அண்ணன் பார்த்துவிட்டார்.

"ஏ மாப்ளே, எந்தங்கச்சிக்கு ஒண்ணு ஆச்சுன்னு சேதி வந்துச்சு, ஒங்க வீட்ல ஒருத்தனும் முழுசா இருக்க மாட்டான், ஆமா."

இவர் சிரித்தார். பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்த இவருடைய தம்பி, என் கொழுந்தனார், சிரிக்கவில்லை. "மதினி, போனதும் காயிதம் போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஜப்பான்காரன் இருந்த வருஷங்களில் ஊருக்குத் தபாலே கிடையாது. நாங்கள் இருக்கிறோமா செத்தோமா என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவன் போனதும் முதல் காரியமாக அண்ணனுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை செய்தேன். சிவப்பு மையும் பச்சை மையும் எந்தக் கடையிலும் இல்லை. கருப்பு மையாலேயே நான்கு மூலையிலும் இலைக்கொத்தை அடர்த்தியாக வரைந்தேன். மூலையில் கருப்புத் தடவி வருவது சாவுச் சேதி, அதை வாசற்படி தாண்ட விடாமல் கிழித்துப் போடுவார்கள் என்பது நம் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். துரைசாணிக்கு வரைந்து வரைந்து மறந்து தொலைத்தேன்.

திருச்சுழியில் உறையைப் பிரித்த அண்ணன் மலாயாத் தபால்தலையையும் கருப்பு மூலையையும் பார்த்தார். ஓர் எழுத்துகூட வாசிக்கவில்லை. கிழித்தெறிந்துவிட்டு அரிவாளோடு என் புகுந்த வீடு இருக்கும் பந்தல்குடிக்கு நடந்தார். களத்தில் கம்பு அடித்துக்கொண்டிருந்த கொழுந்தனார், "வாங்க மச்சான்" என்று நிமிர்ந்தாராம். வலது கை மணிக்கட்டோடு போயிற்று. களமெல்லாம் ரத்தம். அங்கே திருச்சுழியில் என் அண்ணி, தெருவில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்தபோதுதான், "நாங்கள் சுகம்" என்று எழுதியிருந்தது தெரிந்திருக்கிறது.

துரைசாணியிடம் அழுதேன். இங்கிலீஷ் எனக்கு எழுதத்தான் வரும், பேச வராது; தெரிந்த அரைகுறை மலாயில், அட்டையால் கை வெட்டுப்பட்டது, 'தாங்ஙான் போத்தோங்' என்றேன். பதறி உள்ளே ஓடியவள் அயோடினும் பஞ்சும் கொண்டுவந்து, என் விரல்களைப் புரட்டிப் புரட்டிக் காயம் தேடினாள். நல்ல மனுஷிதான், என்ன செய்ய!

சேதி வந்த அன்று இவர் என்னை இடுப்புவாரால் விளாசினார். இடது காது அன்றோடு அடைத்துவிட்டது. அடுத்து அண்ணனின் வக்கீல் எழுதினார்: புருஷன் அடிப்பது உண்மை என்று நான் எழுதிக் கொடுத்தால் அண்ணனுக்குத் தண்டனை குறையலாம்.

"எழுது. எழுதுன மறுநாளே கப்பல் ஏத்திருவேன்" என்றார் இவர்.

ஏற்றினால் எங்கே போய் இறங்குவேன்? அண்ணன் ஜெயிலில். அண்ணி என் பெயரைச் சொன்னாலே காறித் துப்புகிறாளாம். பந்தல்குடியிலோ, கையை இழந்த மனிதர். அவர் கையை வெட்டியவருக்குச் சாதகமாக நான் எப்படி எழுதுவேன்? சட்டிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை. பத்து நாள் பேனாவைத் தொடவில்லை.

பதினோராம் நாள் கொழுந்தனார் கடிதம் வந்தது. இடது கையால் எழுதியது, வரிக்கு மூன்று வார்த்தை.

"மதினி, எங்கண்ணன் ஒங்கள அடிச்சப்பல்லாம் நான் பக்கத்துலதான் இருந்தேன். அன்னைக்கே தடுத்திருந்தா இந்தக் கை இருந்திருக்கும். வக்கீல் ஒங்ககிட்ட கேட்டது எங்காதுக்கும் வந்துச்சு. நெசத்த எழுதுங்க."

நேற்று வக்கீலுக்கு எழுதிவிட்டேன். சுழிப்பு இல்லை, இலைக்கொத்து இல்லை. உறையின் பின்புறம் அனுப்புகிறவர் விலாசம் எழுத வேண்டிய இடத்தில் என் பெயரைப் போட்டேன். அதற்குக் கீழே எந்த ஊரை எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.