லைட்டை மட்டும் அணைச்சு விடுங்க

கார் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு என்ஜின் படம் எரியுமே, அது எரிந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது ஸ்கேனர் பெட்டியோடு ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகிறேன். திண்டுக்கல்லைச் சுற்றி யார் வீட்டு வாசலில் கார் மக்கர் பண்ணினாலும் அங்கே இருப்பேன். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் பெட்டியைச் சொருகினால், கோளாறு எந்தப் பக்கம் என்று ஒரு நம்பர் வரும். அந்தப் பக்கம் தேடிக் காரணத்தைக் கண்டுபிடிப்பது என் வேலை. அதே பெட்டியில் அழிப்பதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் கோளாறு அப்படியே இருக்க, விளக்கு மட்டும் அணையும். இரண்டு நாளோ இருபது நாளோ கழித்து மறுபடி எரியும். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது அந்தப் பட்டன் மட்டும்தான்.

கோளாறைச் சரிசெய்யாமல் அதை அமுக்குவதில்லை என்று முதல் நாளே முடிவெடுத்தேன். எனக்குக் கடை இல்லை, போர்டு இல்லை. அவர் கை வைத்தால் நம்பி ஓட்டலாம் என்று நாலு பேர் சொல்வதை வைத்துத்தான் போன் வருகிறது. அந்தப் பேர் போனால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கார் வாங்கிவிட்டு அவஸ்தைப்படும் சக ஜீவன்களே, அந்தப் பேரைக் காப்பாற்ற நான் படும் பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

மெரூன் பொட்டு

நாகல் நகரில் ஒரு அம்மா. வண்டி உதறுகிறது என்று போன் பண்ணினார். போய்ச் சாவியைத் திருப்பினேன். விளக்கே எரியவில்லை. சாவியைத் திருப்பினால் நல்ல காரிலும் அது கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத்தான் அணையும். பல்பே போய்விட்டதோ என்று மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால், அந்த இடத்தில் மெரூன் கலரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. நெற்றிக்கு வைப்பதில் பெரிய சைஸ். நகத்தால் கிள்ளி எடுத்தேன். உள்ளே விளக்கு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

"எட்டு மாசமா கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு தம்பி" என்றார். எட்டு மாதம்! பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் ஒன்று மெல்ல மெல்லச் செத்து, இப்போது மொத்தமாக உயிரை விட்டிருந்தது. புதுசு வாங்கி வந்து மாட்டினேன். உதறல் நின்றது, விளக்கும் தானாகவே அணைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் விரல் நுனியையே பார்த்தார்.

"வண்டி உதறுறதைப் பாக்கத்தானே தம்பி கூப்பிட்டேன், பொட்டை எதுக்கு எடுத்தீங்க?"

பத்தாம் நம்பர் ஸ்பேனர்

பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர். ஏதோ வீடியோவில், பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடும் என்று பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து தினமும் காலையில் டீ குடித்துவிட்டு, பானெட்டைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியைக் கழற்றி, கால் மணி நேரம் காத்திருந்து மாட்டியிருக்கிறார். விளக்கு போய்விடும். சாயங்காலம் வந்துவிடும். மறுநாள் காலையில் மறுபடி ஸ்பேனர். ஒரு மாதமாக இதே கதை. காரின் கடிகாரம் நள்ளிரவு பன்னிரண்டிலேயே வாழ்ந்துகொண்டிருந்தது. இதில் புதுமாப்பிள்ளையான மருமகனுக்கு வேறு கற்றுக்கொடுத்திருக்கிறார்.

நான் காரடியில் படுத்துப் பார்த்தேன். புகைக்குழாயில் ஒரு சென்சார் இருக்கும். அதன் ஒயர் கிளிப்பிலிருந்து நழுவி, சூடான குழாயில் பட்டுக் கருகியிருந்தது. அந்தத் துண்டை வெட்டி, புது ஒயர் சேர்த்து, ஒதுக்கிக் கட்டினேன். அரை மணி நேர வேலை. எழுந்து, நெற்றி எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, "பாய், இம்புட்டு நாளா பேட்டரியைக் கழட்டினது..." என்று ஆரம்பித்தேன். அவர் என் தோளில் கை போட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"ஒயர் கருகினதை மட்டும் சொல்லுங்க தம்பி, நான் பண்ணினதெல்லாம் வெட்டி வேலைன்னு சொல்லிறாதீங்க, மருமகன் நிக்கிறாரு."

மக்காச்சோளம்

ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு விவசாயி. கார் இழுக்கவில்லை, விளக்கும் எரிகிறது. என்ஜினுக்குக் காற்று சரியாகப் போகவில்லை என்றது பெட்டி. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு படி மக்காச்சோளம், வெங்காயச் சருகு, கிழிந்த கோணிப்பை நார். ஒரு குடும்பமே குடியிருந்துவிட்டுப் போயிருந்தது. கார் நிற்பது சோளக் குதிருக்குப் பக்கத்தில்! எலி வராமல் இருக்க என்று அவர் பானெட்டுக்குள் கட்டியிருந்த புகையிலைக் காம்பையும் அவை விட்டுவைக்கவில்லை, மெத்தைக்கு அடியில் விரித்திருந்தன.

எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டி, புது ஃபில்டர் போட்டு, கடித்த ஒயரைச் சேர்த்து நிமிர்வதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. அவர் சோளத்தைக் கோழிக்கு இறைத்துவிட்டு வந்து ஸ்கேனரையே உற்றுப் பார்த்தார்.

"எலி உங்க கம்ப்யூட்டரையே ஏமாத்தியிருக்கு, அதுல ஒரு எடத்துலயாச்சும் எலின்னு காட்டுச்சா அப்பு?"

காருக்கு நடைப்பயிற்சி

பாலசமுத்திரத்தில் ஒருவர் டீசல் கார் வைத்திருந்தார். வீட்டிலிருந்து தோப்புக்கு, தோப்பிலிருந்து வீட்டுக்கு. அதைத் தாண்டி அந்தக் கார் உலகம் பார்த்ததில்லை. இந்தக் காலத்து டீசல் காரில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி உண்டு. வண்டி நிற்காமல் கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரியும். இவர் காரில் அது அடைத்துக்கொண்டு நின்றது. "பழனி ரோட்டைப் பிடிச்சு ஒட்டன்சத்திரம் வரைக்கும் ஒரே ஓட்டமா போய்ட்டு வாங்க, பாதிப் பிரச்சினை தீரும்" என்றேன்.

ஒட்டன்சத்திரத்தில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்றார். வேலை காருக்குத்தான் என்றேன். அதை அழித்துவிட்டால் போதாதா என்றார். முடியாது என்றேன். இப்படியே ஒரு மணி நேரம் போனது. கடைசியில் நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஏனுங்க, டாக்டரு சொல்லி நானே வாக்கிங் போறதில்லீங்க, காரைக் கூட்டிக்கிட்டு எங்கீங்க போறது?"

ஒரு பட்டன்

ஊருக்கெல்லாம் முடியாது என்றவன் மாட்டிக்கொண்டது சொந்த வீட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மச்சினன் பழைய காரோடு வந்தான். விளக்கு எரிந்தது. மூன்றாவது சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை. பிளக், காயில், எல்லாம் மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை. என்ஜினைப் பிரித்தால்தான் தெரியும் என்றேன். "பிரிக்கிறதா? நாளைக்குக் காலைல வண்டியை வாங்க ஆள் வாராங்க மாமா, அழிச்சு மட்டும் விடுங்க" என்றான். முடியாது என்றேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிசைந்த சோறு அப்படியே இருந்தது. கறிக்குழம்புக் கரண்டியோடு என் மனைவி வந்து நின்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இருந்தாலும் எழுந்து போய் அமுக்கினேன். விளக்கு அணைந்தது. வெட்கமாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது மனைவி என் தட்டில் இரண்டு துண்டு கூடுதலாக வைத்தாள்.

"ஊராளுக்கெல்லாம் மண்ணுல படுத்து எந்திரிக்கிறீங்க, என் தம்பிக்கு ஒரு பட்டன் அமுக்க இம்புட்டு நேரமா?"

கொடை ரோடு

பத்து நாள் கழித்து ஒரு பெண் போன் பண்ணினார். பேர் ஸ்டெல்லா. அவருடைய அம்மாவை மாதம் இரண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். அதற்காகவே வாங்கிய முதல் கார் கொடை ரோட்டில் நின்றுவிட்டது என்றார். போனேன். தூரத்திலிருந்தே காரை அடையாளம் தெரிந்துவிட்டது. மச்சினனின் கார். இளநீர்க் கடை நிழலில் அந்த அம்மா ஆஸ்பத்திரி ஃபைலை விசிறியாக வைத்து வீசிக்கொண்டிருந்தார். வாங்கிய நாலாம் நாளே விளக்கு எரிந்ததாம். கேட்டதற்கு, அது சும்மா எரியும் என்று மச்சினன் சொல்லியிருக்கிறான். "எங்க மாமா பாத்துக் குடுத்த வண்டின்னு உங்க நம்பரையும் குடுத்தாருண்ணே. உங்களைப் பத்தி விசாரிச்சேன், எல்லாரும் நல்லாச் சொன்னாங்க. அதான் வேற மெக்கானிக்கிட்ட காட்டாமலே வாங்கிட்டேன்" என்றார்.

பெட்டியைச் சொருகினேன். அதே மூன்றாவது சிலிண்டர். புதுக் கோளாறு என்று ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், அதுதான் தாங்கவில்லை. "இது விக்கும்போதே இருந்துச்சும்மா. அழிச்சு விட்டது நான்தான்" என்றேன். அந்த அம்மாவின் விசிறி நின்றுவிட்டது. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வாடகைக் கார் பிடித்து இருவரையும் மதுரைக்கு அனுப்பினேன்.

நேரே மச்சினன் வீட்டுக்குப் போனேன். வண்டியை நீ திருப்பி எடுக்காவிட்டால் ஊரெல்லாம் நானே சொல்வேன் என்று தெருவில் நின்று கத்தினேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்து எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. மனைவியும் இரண்டு வாரம் பேசவில்லை. ஸ்டெல்லாவின் சத்தமும் இல்லை. என் பேர் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது.

"வேற ஒரு வண்டி பாக்கப் போறோம், நீங்க கூட வாங்கண்ணே, ஆனா ஸ்கேனரை நான் பிடிச்சுக்கிறேன்."

இத்தனை வருஷத் தொழிலில் கண்டது இதுதான்: காரில் கோளாறு வந்தால் மஞ்சளாக ஒரு விளக்காவது எரிகிறது, மெக்கானிக்குக்குக் கோளாறு வந்தால் கொடை ரோடு வரைக்கும் யாருக்கும் தெரிவதில்லை.