அழித்த படங்கள் எல்லாம் திரும்பி வந்தன

மெமரி கார்டில் இடமில்லை என்று நேற்று போன் கெஞ்சியது. நானும் பெரிய இன்ஜினியர் கணக்காக ஃபார்மட்டை அழுத்தினேன்.

மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்கள் மொத்தமும் போய்விட்டன. வேறு பிரதி கிடையாது.

இன்று கார்டைக் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன்.

"அண்ணாச்சி, அழிச்ச பொறவு இதுல புதுசா ஏதும் படம் எடுத்தீயளா?" என்றார் கடைக்காரர்.

"பயத்துல தொடவே இல்ல."

"மேல புதுசு பதிஞ்சிருந்தா பழசு வராது. நீங்க செஞ்ச ஒரே புத்தியான காரியம் அதான்."

ஏதோ ஓர் இலவச மென்பொருளை ஓடவிட்டார். படங்கள் அத்தனையும் வந்துவிட்டன. வேண்டாமென்று நானே எப்போதோ அழித்தவையும் கூடவே வந்தன.

வீட்டில் மனைவி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எங்கண்ணன் நிக்குத படமாப் பாத்து அழிச்சிருக்கீரு, என்ன?"

மென்பொருளின் பெயர் வேண்டுவோர் கமெண்டில் கேளுங்கள். அவளுக்குச் சொல்லப் பதில் தெரிந்தவர்கள் முதலில் அதை அனுப்புங்கள்.