கங்கையில் விட்டதாகச் சொன்ன பொடி

காசியில், கங்கையில் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, விசுவநாதர் சாட்சியாக என் மனைவியிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பியே அவள் போய்ச் சேர்ந்தாள். இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

மூக்குப்பொடியை விட்டுவிட்டேன் என்றேன். விடவில்லை!

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள்... அன்று நானும் உள்ளுக்குள் சிரித்தவன்தான்.

சேரன்மாதேவிப் பக்கம் ஆற்றுப்பாசனத்தில் கொஞ்சம் வயல் வைத்துப் பிழைக்கிறவன் நான். நாலாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. நெற்றியில் நீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. ஆனால் விடிந்ததும் கை தேடுவது திருநீற்றையல்ல, பொடிமட்டையை! பூஜையில் மணி அடிக்கிற நேரம் பார்த்துத் தும்முவேன். இந்த லட்சணத்தில் என் பக்தி.

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிரியமான ஒன்றை அங்கே விட்டுவிட்டு வரவேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. ஊரில் அவரவர் ஒரு காயையோ பழத்தையோ விட்டுவிட்டு வந்து பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நாங்கள் புறப்படும்போதே என் மனைவி கோமதி எச்சரித்தாள்.

"கத்திரிக்காயை விட்டேன், கொத்தவரங்காயை விட்டேன்னு வந்து நிக்கப்படாது, ஆமா! அந்தப் பொடியை விட்டுருங்க. ஒங்க துண்டை அலசினா ஆத்துல மீனெல்லாம் தும்முது."

ரயிலில் அத்தனை பகலும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே வந்தாள். கண்ணுக்குத் தெரிந்த ஆற்றையெல்லாம் "நம்ம தாமிரபரணி மாதிரி வருமா?" என்று கேட்டாள். எவ்வளவு நல்ல நாட்கள்!

கங்கையில் கைகோத்து முங்கி எழுந்தோம்.

"எதை விட்டிய?" என்றாள்.

நான் எதையும் விடவில்லை. பொடிமட்டை கரையில், மடித்து வைத்த வேட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

"பொடியைத்தான்."

ஈரம் சொட்டச் சொட்ட அந்த முகம் மலர்ந்ததே... இன்றைக்கும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

"நீங்க இம்புட்டுப் பெரிசை விட்டிருக்கிய. நான் பூசணிக்காயை விட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். மறுபடி முங்கினாள். எழுந்து, "வெத்தலையை விட்டுட்டேன்" என்றாள்.

வெற்றிலை அவளுக்கு எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. சாப்பாடு ஆனதும் பாக்குவெட்டிச் சத்தம் கேட்டால் வீட்டில் அன்று எல்லாம் நலம் என்று அர்த்தம். தச்சநல்லூரிலிருந்து அவள் தங்கை சண்முகவடிவு வந்துவிட்டால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கொழுந்து வெற்றிலையாகப் பொறுக்கி மென்று, ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள். சிவந்த வாயோடு அவள் சிரிப்பதைப் பார்க்கவே நான் வயலிலிருந்து சீக்கிரம் திரும்புவேன். அந்தச் சிரிப்பை நானே அணைத்துவிட்டேன்!

ஊர் திரும்பியபின் ஆற்றங்கரை மருதமரத்தின் பின்னால் நின்று பொடி போட்டேன். கறை தெரியாமலிருக்கத் துண்டை நானே துவைத்தேன். "காசிக்குப் போனதிலேருந்து அவுக துண்டை அவுகளே துவைக்காக" என்று கோமதி எல்லாரிடமும் சொல்லிப் பூரித்தாள். எனக்கு வெட்கம் வந்ததா? வந்தது... ஆனால் பொடியின் நெடி ஏறினால் வெட்கம் எங்கே நிற்கிறது!

ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரி ஒருத்தி எல்லார் முன்னிலும் கேட்டாள்: "ஏட்டி கோமதி, தாலி கட்டிக்கிட்டவ ஒதடு இப்படியா வெளுத்துக் கெடக்கும்?" இவள் சிரித்துக்கொண்டே, "அவுக விட்டதை அவுக தொடல. நான் தொடுவேனா?" என்றாள். பந்தல்காலைப் பிடித்தபடி நின்றிருந்தேன். மடியில் பொடிமட்டை. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது வருஷம்...

அவளுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்தே சும்மா இருந்தாளோ? அதை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

மலைக்காய்ச்சல் ஏழாம் நாள் அவளைக் கொண்டுபோயிற்று.

சுமங்கலியாகப் போகிறவளுக்கு மஞ்சள் பூசி, பூ முடித்து, வெற்றிலையை இடித்து வாயில் வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். சண்முகவடிவு இடித்து எடுத்துவிட்டாள். கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"அத்தான்... அக்கா காசியில விட்டதாச்சே. வைக்கலாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

பெண்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

'வை தாயி, என் பொய்யை நம்பித்தான் அவள் விட்டாள்' என்று சொன்னால் முடிந்தது. என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"வேண்டாம்மா. அவ விரதம் கெட வேண்டாம்."

"எப்பேர்ப்பட்ட புருஷன், எப்பேர்ப்பட்ட பொண்டாட்டி!" என்று பெண்கள் அழுதார்கள். வெளுத்த உதட்டோடேயே அவளைத் தூக்கிப் போனோம்.

காரியம் முடிந்த அன்று பொடியை விட்டேன். மூன்று நாள் தலைவலித்தது. நாலாம் நாள் அந்த நினைப்பே இல்லை. இவ்வளவுதானா! மூன்று நாள் தலைவலிக்குப் பயந்தா ஒன்பது வருஷம் அவள் வாயைக் கட்டினேன்?

வருஷந்தோறும் திவசத்தன்று அவள் பெயருக்கு இலை போடுகிறோம். அவளுக்குப் பிடித்ததெல்லாம் வைக்கிறாள் சண்முகவடிவு. கடைசியில் வெற்றிலைக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

இந்த வருஷமும் பார்த்தாள். இந்த வருஷமும் நான் வேண்டாம் என்றுதான் தலையசைத்தேன்.